காலெண்டுலா செடி நெடுநெடுவென வளர்ந்தும் பூக்காதது ஏன்?

கேள்வி இதுதான்: "'பாட் மேரிகோல்டு' என்று போட்டிருந்த விதையை வாங்கி வந்து தொட்டியில் தூவினேன். பாதி விதை முளைக்கவே இல்லை. முளைத்த 4 செடிகளும் நெடுநெடுவென வளர்ந்து, சின்னச் சின்னதாக இரண்டு பூ பூத்ததோடு சரி. மொட்டுகளைச் சுற்றி ஒரே கறுப்புப் பூச்சி. எங்கே தவறு செய்தேன்? இதன் இதழ்களைச் சாப்பிடலாம் என்கிறார்களே, அது உண்மையா?"

நீங்கள் சொன்ன ஒவ்வொரு குறைக்கும் காரணம் உண்டு. எல்லாவற்றையும் அடுத்த முறை சரிசெய்துவிடலாம். முதலில் கையில் இருப்பது எந்தச் செடி என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஏனென்றால் இந்தச் செடியை வளர்த்துத் தோற்றவர்களில் பெரும்பாலோர் அதை வேறொரு செடி என்று நினைத்து வளர்த்தவர்கள்தான்.

மேரிகோல்டு என்றதும் நம் மனதில் வருவது செண்டுமல்லி, அதாவது துலுக்க சாமந்தி. அது டேஜெடிஸ் என்ற பேரினம். மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளில் தோன்றியது, நல்ல வெயில் தாங்கும். பாட் மேரிகோல்டு என்பது காலெண்டுலா. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு வைத்த பெயர் காலெண்டுலா அஃபிசினாலிஸ். மத்தியதரைக் கடலை ஒட்டிய நிலங்கள்தான் இதன் பூர்வீகம் என்று கருதுகிறார்கள். இரண்டும் சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை, பூவின் நிறமும் ஏறக்குறைய ஒன்று. உறவு அத்தோடு முடிந்துவிடுகிறது. பெயரில் உள்ள 'பாட்' என்பதைப் பூந்தொட்டி என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது சமையல் பாத்திரத்தைக் குறிக்கும் சொல். இதழ்களைப் பாத்திரத்தில் போட்டுச் சமைத்ததால் வந்த பெயர். ஆக, உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதில் பெயரிலேயே இருக்கிறது. அதைப் பிறகு விவரமாகச் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது எது என்று சந்தேகம் இருந்தால் இலையைப் பாருங்கள். செண்டுமல்லியின் இலை சிறகுபோலப் பிரிந்து, ஓரம் பல் பல்லாக இருக்கும்; கசக்கினால் காரமான வாசனை தூக்கலாக வரும். காலெண்டுலாவின் இலை பிரிவே இல்லாமல் நாக்குபோல நீண்டு, மெல்லிய ரோமத்தோடு, தொட்டால் லேசாகப் பிசுபிசுக்கும். விதையில் இன்னும் சுலபம். செண்டுமல்லி விதை ஊசிபோல மெலிந்து கறுப்பாக, ஒரு முனையில் வைக்கோல் நிறக் குஞ்சத்தோடு இருக்கும். காலெண்டுலா விதையோ வெளிர் பழுப்பில் சுருண்டு வளைந்து, காய்ந்துபோன புழு மாதிரி இருக்கும்.

சரி, இது காலெண்டுலாதான் என்றால் அடுத்து பருவம். இந்தச் செடி குளிரோடு வந்து குளிரோடு போகும். பகலில் 15 முதல் 20 டிகிரி, கூடிப்போனால் 25 டிகிரி செல்சியஸ் இருக்கும் நாட்களில்தான் அதன் முழு அழகையும் பார்க்க முடியும். லேசான உறைபனியைக்கூடத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் பூ சிறுக்கும், அப்புறம் மொட்டு விடுவதையே குறைத்துக்கொள்ளும். விதைத்த நாளிலிருந்து பூக்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். எனவே பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உங்கள் பகுதியில் மிகக் குளிர்ச்சியான இரண்டு மூன்று மாதங்கள் எவையோ, அவை செடி பூக்கும் மாதங்களாக இருக்க வேண்டும். வெப்பமான இடங்களில் மழை குறைந்து இரவு குளிரத் தொடங்கும்போது விதைக்கலாம். கடும் பனி விழும் இடங்களில் பனி தணிந்த வசந்தத் தொடக்கத்தில் விதைக்கலாம்.

நானும் முதல் முறை பருவம் தவறித்தான் விதைத்தேன். வெயில் ஏறத் தொடங்கும் சமயம். ஒரு வாரத்திலேயே நாற்று வந்துவிட்டது, பச்சைப் பசேலென்று செழிப்பாகவும் இருந்தது. மொட்டு விடும் நேரத்தில் கோடை வந்துவிட்டது. பூத்ததெல்லாம் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். மிச்ச விதையைத் தூர எறிய மனம் வராமல் எடுத்து வைத்து, குளிர் தொடங்கியபோது அதே தொட்டியில் அதே மண்ணில் போட்டேன். உள்ளங்கையின் குழியை மறைக்கும் அளவுக்குப் பூத்தன. உரம் மாறவில்லை, மருந்து மாறவில்லை, பருவம் மட்டும்தான் மாறியது. உங்கள் செடியின் சின்னப் பூவுக்கும் முதலில் இதைத்தான் சந்தேகிக்கிறேன்.

அடுத்து, பாதி விதை ஏன் முளைக்கவில்லை? 'தூவினேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். பல பூ விதைகளை மேலாகத் தூவினால் போதும். காலெண்டுலா முளைக்க இருட்டு வேண்டும். ஒரு செ.மீ. ஆழத்தில் புதைத்து மண்ணை மூடி, லேசாக அழுத்திவிட வேண்டும். மேலே கிடக்கும் விதை வெளிச்சம் பட்டும், காய்ந்து காய்ந்து நனைந்தும் வீணாகிவிடும்.

விதைக்கும் முன் ஒரு பிடி விதையை உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். ஒரே பூவிலிருந்து வந்த விதையா இது என்று தோன்றும், அவ்வளவு வேறுபாடு. சில நீளமாக, கொக்கிபோல வளைந்து, முதுகில் முள் முள்ளாக இருக்கும். சில அகலமாக, இரு பக்கமும் மெல்லிய ஓரம் விரிந்து சின்னப் படகு மாதிரி இருக்கும். இன்னும் சில சிறியவை, வளையம்போல நன்றாகச் சுருண்டவை. பூத்தலையின் வெளி வரிசையில் கொக்கிகள், நடுவில் படகுகள், உள்ளே வளையங்கள் என்று ஒரே தலையில் இந்த மூன்று வடிவமும் உருவாகும். வளையம்போல் இருப்பவற்றைச் சொத்தை விதை என்று எண்ணி ஒதுக்கிவிடாதீர்கள், அவையும் முளைக்கும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் முளைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மண் ஈரப்பதம் காயாமல் இருந்தால் 7 முதல் 14 நாட்களில் பெரும்பாலானவை தலை காட்டிவிடும். அதற்குள் பொறுமை இழந்து மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

நேரடியாக வளரப்போகும் இடத்திலேயே விதைப்பது எனக்குப் பிடித்த முறை. ஒரு குழிக்கு இரண்டு மூன்று விதை போட்டு, முளைத்த பின் திடமான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள். நாற்றாக வளர்த்து மாற்றி நடுவதென்றால் இளசாக, நாலைந்து இலை இருக்கும்போதே, வேரோடு ஒட்டிய மண் உதிராமல் மாற்ற வேண்டும். முற்றிய பிறகு பிடுங்கி நட்டால் ஏங்கிப்போய்விடும்.

தொட்டி 8 அங்குலம் அகலமும் அதே அளவு ஆழமும் இருந்தால் ஒரு செடிக்குப் போதும். 12 அங்குலத் தொட்டியில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. நிலத்தில் செடிக்குச் செடி 25 முதல் 30 செ.மீ. இடைவெளி. இந்த இடைவெளி விஷயத்தில் தாராளமாக இருங்கள், நெருக்கமாக நட்டால் காற்றோட்டம் இல்லாமல் சாம்பல் நோய் வந்து சேரும். மண் எப்படி இருந்தாலும் ஓரளவு ஒத்துப்போகும் செடி இது. நீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது. தோட்டத்து மண் இரண்டு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, மணலோ தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு என்று கலந்தால் நல்லது. தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெடுநெடுவென வளர்ந்ததற்குக் காரணம் இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே. ஒன்று, வெயில் போதவில்லை. தினமும் 6 மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். வெளிச்சத்தைத் தேடிப் போகும் செடி தண்டை நீட்டிக்கொண்டே போகும், பூக்கும் வலு அதற்கு இருக்காது. வெயில் கடுமையான இடங்களில் காலை வெயில் முழுதும் கிடைத்து, பிற்பகலில் நிழல் விழும் இடம் பொருத்தம். இரண்டாவது, உரம் கூடிவிட்டது. அன்பு மிகுதியில் வாரா வாரம் உரம் வைப்பவர்களின் காலெண்டுலா கீரைப் பாத்திபோல இருக்கும், இலையாகவே தள்ளும். தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இப்படித்தான் ஆகும். கலவையில் ஆரம்பத்தில் சேர்த்த மட்கு உரமே முக்கால்வாசி தேவையைத் தீர்த்துவிடும். முதல் மொட்டு தெரியும்போது இன்னொரு கைப்பிடி மண்புழு உரம் மேலாகப் போட்டுக் கொத்திவிட்டால் தாராளம்.

செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். கிள்ளினால் முதல் பூ சற்றுத் தள்ளிப்போகும். ஆனால் கீழே உள்ள கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் கிளம்பி, ஒற்றைக் குச்சியாக நிற்க வேண்டிய செடி புதராக விரியும். ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு மொட்டு. அதை ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த முறை தயங்க மாட்டீர்கள்.

தண்ணீருக்கு விரலே அளவுகோல். மண்ணுக்குள் விரலை விட்டால் மேல் 2 செ.மீ. காய்ந்திருக்க வேண்டும், அப்போது ஊற்றலாம். காலையில், செடியின் அடியில் ஊற்றுங்கள். மாலையில் தலையோடு நனைத்து, இலை ஈரத்தோடு இரவைக் கழிக்க விட வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காலெண்டுலாவைப் பராமரிப்பது என்றால் பூவைப் பறிப்பதுதான். மற்ற எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. இது ஒரு பருவச் செடி, விதை கட்டி முடித்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. இரண்டு பூ பூத்ததும் அழகாக இருக்கிறதே என்று அப்படியே விட்டிருப்பீர்கள். அந்த இரண்டும் விதை கட்டத் தொடங்கியதும் செடி தன் சத்தையெல்லாம் அங்கே அனுப்பிவிட்டது. வாடும் முன்பே பறித்துவிட்டால் விதை வேண்டும் என்று மறுபடி மொட்டு விடும். பறிக்கப் பறிக்கப் பூக்கும் என்று சொல்வது இந்தச் செடிக்கு அப்படியே பொருந்தும். பூக்கும் காலத்தில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரு முறை கத்தரிக்கோலோடு போய் நிற்க வேண்டும். வாரக்கணக்கில் மறந்துவிட்டால் பூப்பது நின்றுவிடும்.

பறிப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பூத்தலையை மட்டும் கிள்ளி எடுத்தால் மொட்டைக் காம்புகள் நீட்டிக்கொண்டு நின்று காயும். காம்போடு கீழே இறங்கி, அடுத்த இலையோ கிளையோ பிரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். அங்கிருந்துதான் புதுக் கிளை வரும். புதிதாக வளர்ப்பவர்கள் மொட்டையும் இதழ் உதிர்ந்த பூவையும் குழப்பிக்கொள்வார்கள், இரண்டும் பச்சை உருண்டைதான். விரலால் தொட்டால் வித்தியாசம் தெரியும். மொட்டு கெட்டியாக, பச்சைப் புறவிதழ்கள் நுனியில் கூடி மூடியிருக்கும். முடிந்த பூவின் முகம் தட்டையாகத் திறந்திருக்கும், உள்ளே சுருள் சுருளாகப் பச்சை விதைகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், தலையும் கவிழத் தொடங்கியிருக்கும். நாலைந்து பூ பறித்தாலே விரல் நுனியெல்லாம் பிசின் ஒட்டும். அழுக்கு என்று நினைக்காதீர்கள். பூவின் அடிப்புறப் பச்சையில் இருக்கும் அந்தப் பிசினுக்காகத்தான் மருந்து செய்பவர்கள் இந்தப் பூவைத் தேடுகிறார்கள். பறிக்கும் நேரம் காலை, பனி உலர்ந்து பூ முழுதாக விரிந்த பிறகு. மாலையிலும் மழை மேகம் கூடும்போதும் இது இதழைக் குவித்துக்கொள்ளும்.

உங்கள் மொட்டுகளில் இருந்த கறுப்புப் பூச்சி அசுவினியாகத்தான் இருக்கும். இளந்தளிரும் மொட்டுக் காம்பும் அதற்கு மிகப் பிடித்த இடம். எறும்பு வரிசை செடியில் ஏறுகிறதா என்று பாருங்கள். அசுவினி விடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். பார்த்தவுடன் மருந்துக்கு ஓட வேண்டாம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கீழே தள்ளுங்கள், அல்லது விரலால் வழித்து நசுக்குங்கள். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்தால் கூட்டம் உடைந்துவிடும். பொறிவண்டு அசுவினியைத் தின்னும். இந்தப் பூவுக்குத் தேடி வரும் மலர் ஈக்களின் புழுக்களும் தின்னும். மருந்தடித்தால் முதலில் சாவது அவைதான். அப்படியும் அடங்கவில்லையா, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள். விரிந்த பூவின்மேல் வேண்டாம், தேனீ வருகிற இடம் அது.

மற்றபடி இலையில் மாவு தூவியதுபோல வெள்ளை படர்ந்தால் சாம்பல் நோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்திக் காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து சுருங்கினால் அது தேமல், வைரஸ். அதற்கு மருந்து இல்லை, செடியைப் பிடுங்கிவிடுவதே மற்றவற்றைக் காப்பாற்றும். நத்தை நடமாட்டம் உள்ள இடத்தில் நாற்றுகளை முதல் இரண்டு வாரம் இரவில் கவனியுங்கள். காய்கறிச் செடிகளுக்கு நடுவே இதை நட்டால் வேர் நூற்புழு ஒழியும் என்று சொல்வதை நம்பிச் செய்யாதீர்கள். அந்தக் குணம் செண்டுமல்லியின் வேருக்கு உரியது, பெயர்க் குழப்பத்தில் இதன்மேலும் ஏறிவிட்டது. தேனீயையும் மலர் ஈயையும் அழைத்து வரும் என்பதற்காகத் தாராளமாக நடலாம்.

ரகத்தைப் பொறுத்தவரை, தொட்டிக்கு 30 செ.மீ. அளவில் நிற்கும் ஃபியஸ்டா கிட்டானா, பான் பான் போன்ற குட்டை ரகங்கள் வசதி. நிலத்திலோ பெரிய தொட்டியிலோ என்றால் பசிபிக் பியூட்டி உயரமாக வளரும், காம்பும் நீளம், ஜாடியில் வைக்க அழகு. எண்ணெய்க்காகப் பூ வேண்டும் என்பவர்கள் பிசின் மிகுந்த ரெசினாவைத் தேடுவார்கள்.

இனி சாப்பிடும் விஷயம். ஆம், இதழ்களைச் சாப்பிடலாம். ஆனால் இதழை மட்டும். பச்சை அடிப்பகுதியும் பூவின் நடுப்பகுதியும் கசக்கும். இதழ்களை உருவி எடுத்து சாலட்டிலோ சூப்பிலோ தூவலாம். சுவை பெரிதாக எதுவும் இல்லை, லேசான கசப்பும் காரமும்தான், நிறத்துக்காகச் சேர்ப்பது. குங்குமப்பூவுக்குப் பதிலாக நிறம் கொடுக்கவும், வெண்ணெயையும் பாலாடைக்கட்டியையும் மஞ்சளாக்கவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த நிறமிகள் கொழுப்பில்தான் நன்றாகக் கரையும், எனவே நெய்யிலோ வெண்ணெயிலோ சூடாக்கினால் நிறம் இறங்கும். கடையில் பூத்த நிலையில் வாங்கிய செடியின் பூவைச் சாப்பிட வேண்டாம், என்ன மருந்து அடித்திருக்கிறார்கள் என்று தெரியாது. சாமந்தி, சூரியகாந்தி வகைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பிணிகள் இதை மருந்தாக உள்ளுக்கு எடுப்பது கூடாது.

சேமித்து வைக்க வேண்டுமென்றால் நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஒற்றை அடுக்காகப் பரப்பி உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்துவிடும். இதழ் சில நாட்களில் காய்ந்துவிடும், முழுப் பூவுக்கு அதைவிட நாள் பிடிக்கும். இதில் நான் ஏமாந்திருக்கிறேன். இதழ் மொறுமொறுவென்று ஆனதும் முழுப் பூக்களைப் பாட்டிலில் போட்டு மூடிவிட்டேன். சில நாள் கழித்துத் திறந்தால் சாம்பல் நிறப் பூஞ்சை. அடிப்பகுதிக்குள் ஈரம் இருந்திருக்கிறது. அந்தப் பச்சை அடியை நகத்தால் ஒடித்தால் படக்கென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் காயவில்லை. எண்ணெயில் ஊற வைப்பதற்கும் இதே அளவுகோல்தான். நன்கு உலர்ந்த பூ எண்ணெயில் முழுதும் மூழ்கும்படி வைத்து 4 முதல் 6 வாரம் கழித்து வடிகட்டலாம். ஈரப் பூவைப் போட்டால் எண்ணெய் கெட்டுப்போகும். வறண்ட சருமத்துக்குத் தடவ அது நன்றாக இருக்கும், ஆழமான காயத்துக்கு மருத்துவரிடம் போக வேண்டும்.

விதைக்காகப் பருவக் கடைசியில் நல்ல செடியில் நாலைந்து பூவை மட்டும் பறிக்காமல் விடுங்கள். இந்தப் பூவில் விதை கட்டுவது சுற்றியுள்ள இதழ்ப் பூக்கள்தான். நடுவில் உள்ள குட்டிப் பூக்கள் மகரந்தம் தருவதோடு சரி. அதனால்தான் முற்றிய தலையில் நடு வெறுமையாகி, விதைகள் விளிம்பைச் சுற்றி நிற்கும். பச்சை முழுதும் போய்ப் பழுப்பாகி, தொட்டால் உதிரும் பதத்தில் எடுங்கள். சில நாள் உலர்த்திக் காகித உறையில் போட்டு, மாதத்தை எழுதி வையுங்கள். பல ரகங்கள் பக்கத்தில் இருந்தால் தேனீ கலந்துவிடும், அடுத்த தலைமுறை தாய்ச்செடி மாதிரியே இருக்காது.

இப்போது உங்களிடம் இருக்கும் அந்த 4 செடிகளுக்கு வருவோம். உங்கள் பகுதியில் இன்னும் குளிர் மிச்சம் இருந்தால் அவற்றைக் கைவிட வேண்டாம். அசுவினி மொய்த்த மொட்டுகளையும் இதழ் உதிர்ந்த தலைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, ஒவ்வொரு தண்டையும் பாதி உயரத்துக்கு, ஒரு கணுவுக்கு மேலே வெட்டுங்கள். வெயில் விழும் இடத்துக்குத் தொட்டியை மாற்றி, உரத்தை நிறுத்திவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கணுக்களில் புதுத் துளிர் தெரியும். கோடை தொடங்கிவிட்டது என்றால் இந்தச் செடிகளோடு போராட வேண்டாம். மிச்ச விதையை ஈரம் படாத இடத்தில் வைத்திருந்து, குளிர் தொடங்கும்போது ஒரு செ.மீ. ஆழத்தில் புதையுங்கள்.